ஆளை இறக்கிவிட்டு ஏறிய வண்டி

புதுக் கார் வாங்கும்போது கையில் தருகிற புத்தகத்தில் நீளம், அகலம், உயரத்தோடு இன்னொரு அளவும் அச்சாகியிருக்கும்: தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி. 2005இல் இங்கே வந்த மாருதி ஸ்விஃப்ட்டுக்கு அது 170 மில்லிமீட்டர். நம் நாட்டில் பெரும்பாலும் இது ஆள் ஏறாத வண்டியின் கணக்கு. அம்மா, தங்கை, தங்கையின் இரண்டு பிள்ளைகள், டிக்கியில் ஒரு மூட்டை அரிசி என்று ஏறிய பிறகு எவ்வளவு மிஞ்சும் என்று அதில் இருக்காது. எனக்கு அது தெரியவந்தது என் ஊரான பள்ளிவாசலில், வண்டியின் வயிறு தார் விளிம்பில் உரசிய சத்தத்தில்.

பள்ளிவாசல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மின் நிலையம் நினைவுக்கு வரும். 1940இல் ஓடத் தொடங்கிய அது கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். முதிரப்புழையாற்றுத் தண்ணீர் மலைச்சரிவில் குழாய் வழியாக இறங்கி அங்கே மின்சாரமாகிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு ஊர் என்றால் முதலில் ரோடுதான். மூணாறிலிருந்து ஹெட்வொர்க்ஸ், பள்ளிவாசல், ரெண்டாம் மைல் வழியாக அடிமாலிக்கு இறங்குகிற ரோடு. கொச்சியில் தொடங்கி தொண்டியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை 85 இதுதான். பழைய ஆட்கள் இன்னும் 49 என்பார்கள். ஆஸ்பத்திரியா, கல்யாணமா, தேனிப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுத் துக்கமா, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ரோடுதான். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தை மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்கிறார்கள். மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குப் போன பழைய ரோடும், குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய ரயிலும் அதோடு போய்விட்டன. இன்றைக்கு நாம் போகிற வழி அதற்குப் பிறகு வந்தது. நேரியமங்கலம் பாலத்தைத் திறந்தது 1935இல். ஒரு மழை ரோட்டையே எடுத்துக்கொண்டு போய்விடும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவன் எப்படி ஸ்பிரிங்கை வெட்டி உயரம் குறைத்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் சொந்தமாக நாலு சக்கர வண்டி வைத்திருந்தவர் யாரும் இல்லை. கொழுந்து ஏற்றுகிற டிராக்டர் எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஜீப், மேட்டில் இருக்கிற ஜீப்காரருக்குச் சொந்தம். சுற்றுலா வருகிறவர்களின் கார்கள் எங்களைத் தாண்டிப் போகும். அவற்றில் தாழ்ந்து, தரையோடு ஒட்டி, அகலச் சக்கரத்தோடு வளைவில் திரும்புகிற கார் ஒன்று வந்தால் நானும் என் சிநேகிதர்களும் அது கண்ணை விட்டு மறையும் வரை நிற்போம். சம்பாத்தியம் வந்ததும் எர்ணாகுளத்தில் ஒருவரிடமிருந்து அப்படி ஒரு ஸ்விஃப்ட் வாங்கினேன். அவர் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தார். அந்த வண்டி அழகாக இருந்தது, இன்றும் அதை மறுக்க மாட்டேன். நல்ல தார் போட்ட இடத்தில் அது வளைவில் சாயாமல் திரும்பும். கை சொன்னபடி கேட்கும். எங்கள் குடும்பத்தின் முதல் வண்டி அது. அம்மா முன் கண்ணாடியில் சந்தனம் வைத்தாள்.

இறக்குவதற்கு முறையான வழி உண்டு: அதற்கென்றே அளவெடுத்துச் செய்த குட்டை ஸ்பிரிங்கும், அதற்கு ஒத்த ஷாக் அப்சர்பரும் சேர்ந்து மாற்ற வேண்டும். செலவு அதிகம். என் வண்டியில் நடந்திருந்தது மற்ற வழி. கம்பெனி ஸ்பிரிங்கையே கட்டரால் அறுத்து ஒரு சுற்றுக்கு மேல் எடுத்திருந்தார்கள். சுற்று குறைந்தால் உயரம் குறைவதோடு ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடுகிறது. ஐந்து சுற்றில் ஒன்றை எடுத்தால் மிச்சமுள்ள ஸ்பிரிங் முன்பைவிடக் கால் பங்கு கூடுதல் விறைப்பு. ஷாக் அப்சர்பரோ பழைய நீளம். அதன் தண்டு எப்போதும் பாதிக்கு மேல் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். குழியில் விழுந்து எழும் சக்கரத்துக்கு மேலே போக இடமில்லாமல் ரப்பர் ஸ்டாப்பரில் போய் மோதும். அந்த அடி நேராகப் பாடிக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவரின் முதுகுத்தண்டுக்கும் வந்து சேரும். கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கச் சக்கரம் தொங்கும்போது அந்தக் குட்டை ஸ்பிரிங் தன் இருப்பிடத்தை விட்டு நகரவும் செய்யலாம். இத்தனையும் எனக்குப் பிறகு தெரிந்தது. அடிமாலியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார் மேஸ்திரி சேட்டன். ஆயில் சேம்பரின் அடியில் பெயின்ட் போய், தகடு தேய்ந்து, வெள்ளிக்காசு போல ஒரு வட்டம் பளபளத்தது. அதன் நடுவே உள்ளங்கை பதிகிற அளவுக்கு ஓர் ஒடுக்கு. டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் தெறித்திருந்தது. முன் டயர்கள் உள் ஓரத்தில் மட்டும் மொட்டையாகியிருந்தன.

உலகத்தில் வண்டியை இறக்குவது எல்லா இடத்திலும் ஒரே விஷயமல்ல. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வழி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் வண்டியைத் தாழ்த்தி மெதுவாக ஓட்டுவதைத் தங்கள் அடையாளமாகவே வளர்த்தார்கள். சக்கர வளையத்தின் கீழ் விளிம்புக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது என்று அந்த மாநிலம் 1950களின் கடைசியில் சட்டம் போட்டது. 1959இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்தினார். போலீஸ் வந்தால் சுவிட்சைத் தட்டி வண்டியைத் தூக்கலாம், போனபின் இறக்கிக்கொள்ளலாம். அந்தச் சட்டம் 2024இல்தான் நீங்கியது. அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே தாழ்ந்த வண்டியை வேண்டும்போது தூக்க முடிந்தது, ரோடும் சமதளம். அறுத்த ஸ்பிரிங் தாழ்ந்தது தாழ்ந்ததுதான். ரெண்டாம் மைல் வளைவில் குழி வந்தால் அதைத் தூக்குவதற்கு எந்தச் சுவிட்சும் கிடையாது.

அந்த வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும். நடந்தும் ஜீப்பிலும் போன ரோட்டை நான் அதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை. குழிகள் கண்ட இடத்தில் விழுவதில்லை. மேல் ரோட்டுத் தண்ணீர் ஓடையில் போகாமல் எங்கே ரோட்டைக் குறுக்காகக் கடக்கிறதோ அங்கே விழுகின்றன. பஸ்ஸும் லாரியும் முதல் கியரில் சக்கரத்தை முறுக்கித் திரும்புகிற வளைவின் உள் ஓரத்தில் விழுகின்றன. வளைவில் பதித்த இன்டர்லாக் கல் முடிந்து தார் தொடங்கும் இடத்தில், இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பில் தண்ணீர் இறங்கி, ஒரு மழையில் கோடாக இருந்தது அடுத்த மழையில் படியாகிவிடுகிறது. மழையில் எல்லாக் குழியும் ஒரே நிறத் தண்ணீரால் நிரம்பியிருக்கும். முன்னால் போகிற ஆட்டோவின் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்துத்தான் ஆழம் கண்டுபிடிக்க முடியும்.

வேகத்தடை விஷயத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அது என்னை வியக்க வைத்தது. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி பொதுவான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. ஸ்விஃப்ட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2.39 மீட்டர். இரண்டு சக்கரமும் அந்த அகலமான மேட்டின் மேலேயே நிற்பதால் வண்டியின் வயிற்றுக்குக் கீழே உயர்வது சுமார் 4 சென்டிமீட்டர்தான். மெதுவாக ஏறினால் என் தாழ்ந்த வண்டிகூடத் தப்பிக்கும். ஆனால் கடைவாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் ஊர்க்காரர்கள் தம் போக்கில் போடுகிற, ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக எழும்புகிற மேடு, தன் உயரம் முழுவதையும் வயிற்றுக்கே கொடுக்கும். என் வண்டியில் தனியாக ஓட்டும்போது தரையிலிருந்து 110 மில்லிமீட்டர் இருந்தது. வீட்டார் ஏறினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

அம்மாவை மூட்டு வலிக்கு அடிமாலிக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தபோதுதான் அந்த மூன்றில் ஒரு பங்கின் அர்த்தம் விளங்கியது. அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள். சரிவில் நின்று நின்று தேய்ந்த முழங்கால். மெயின் ரோட்டை விட்டு லயத்துக்கு ஏறும் வழி கருங்கல் சோலிங். மழை மண்ணை அரித்துக் கல்லை மட்டும் விட்டு வைத்திருக்கும். எல்லாரையும் வைத்துக்கொண்டு ஏறினால் சேம்பர் போய்விடும். அதனால் அடிவாரத்தில் நிறுத்தி, இறங்கச் சொல்லி, வெறும் வண்டியை நான் மட்டும் ஏற்றினேன். முதல் தடவை நான் சொல்ல வேண்டியிருந்தது. அப்புறம் அந்த இடம் வந்ததும் அம்மாவே கதவைத் திறந்துவிடுவாள். “நீ பாத்து ஏத்துப்பா, நாங்க பைய வாரோம்” என்பாள். மாத்திரைப் பையை ஒரு கையில் பிடித்து, மறுகையால் சேலையைக் கொஞ்சம் தூக்கி, ரப்பர் செருப்போடு ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வருவாள். நான் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே, பக்கவாட்டில் எந்தக் கல்லாவது உரசுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன் என்பதை இப்போது நினைக்கும்போது நெஞ்சில் பாரமாக இருக்கிறது.

ஒரு சாயங்காலம் பின்னால் வந்த ஜீப்காரர் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். என் அப்பாவோடு பழகியவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். காசு வாங்கவில்லை. காரைச் சுற்றி ஒரு தடவை வந்துவிட்டு, “ஆள எறக்கி விட்டுட்டு ஏறுற வண்டி எதுக்குடா தம்பி?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் அன்றே நான் வண்டியை மாற்றிவிடவில்லை. மாற்ற வைத்தது போடிமெட்டு.

மூணாறிலிருந்து போடிமெட்டு வரை 42 கிலோமீட்டர் ரோட்டை அகலப்படுத்தி 2024 ஜனவரியில் முறைப்படி திறந்தார்கள். கேப் ரோட்டில் மலை சரிந்து சரிந்து வேலை இழுத்துக்கொண்டே போன காலத்தில் அந்த வழியாகப் போனவர்களுக்குத்தான் அது எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும். மெட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பக்கம் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் அந்த வளைவுகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவரும். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மூடுபனி. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தார் பெயர்ந்து ஒரு விளிம்பு தெரிந்தது. பல மாதப் பழக்கத்தில் என் கை தானாகவே ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தது; தாழ்ந்த வண்டிக்காரன் எதையும் கோணலாகத்தான் கடப்பான், ஒவ்வொரு சக்கரமாக இறக்கி ஏற்றுவதற்காக. எதிரே ஹெட்லைட். பிரேக் அடித்த ஜீப்பின் பின்பக்கம் லேசாக இழுத்து நின்றது. உள்ளே பெண்கள், மடியில் தூக்குவாளிகள். ஒரு தூக்குவாளி உருண்டு ரோட்டில் விழுந்து சோறு சிதறியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு பாட்டி, “பாத்துப் போ ராசா, பிள்ளகுட்டிக்காரங்க வாரோம்ல” என்று மட்டும் சொன்னாள். மலை ரோட்டில் இடம் போதாவிட்டால் இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது; எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் என் கண் வளைவைப் பார்க்கவில்லை, பனியைப் பார்க்கவில்லை. பானட்டுக்கு முன்னால் இரண்டு கஜத் தாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவை இறக்கி நடக்க விட்ட புத்தியும், ஏறிவந்த ஜீப்பின் வழியில் வண்டியைத் திருப்பிய கையும் ஒன்றுதான். அந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் மனிதர்கள் எனக்கு எடையாகவும் இடைஞ்சலாகவும் ஆகிப்போனார்கள். காப்பாற்ற வேண்டியது ஆயில் சேம்பர் என்று ஆகிவிட்டது. ரோடு மோசம் என்று நான் சொன்ன குறையெல்லாம் உண்மை. ஆனால் அந்த ரோட்டில் என் கண்ணை இரண்டு கஜத்துக்குள் கட்டிப்போட்டது நான் ஆசைப்பட்டு வாங்கிய உயரம்.

அதே வாரம் அடிமாலி மேஸ்திரியிடம் போனேன். கம்பெனி ஸ்பிரிங் நாலும், ஷாக் அப்சர்பர் நாலும், பூட்டும், முன் டயர்களும் மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, சேம்பருக்கு அடியில் இரும்புத் தகடு ஒன்றும் பூட்டினோம். சேம்பரையே மாற்றிவிடச் சொன்னார், மாற்றினேன். அந்த ஒடுக்கு கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் அடைந்து, மேலே எஞ்சினுக்கு ஆயில் ஏறாமல் போயிருக்கும் என்றார். அடியில் பலமாக அடிபட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, வண்டிக்குக் கீழே ஆயில் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மீட்டரில் எண்ணெய்க் கிண்டி படம் சிவப்பாக எரிந்தால் அடுத்த கடைவரைக்கும் ஓட்டலாம் என்று நினைக்கவே கூடாது. அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஓட்டினால் சில நிமிஷங்களில் எஞ்சின் முழுவதும் போய்விடும்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. கம்பெனி செய்த அமைப்புக்கு மாறாக, ஆர்சி புத்தக விவரம் பொருந்தாதபடி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கேரளத்திலிருந்து போன வழக்குதான் அது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. இறக்கிய வண்டியை வைத்திருக்கிற தம்பிகள் பலருக்கு இது தெரியும். செக்கிங் இருக்கும் நாளில் வேறு வழியாகப் போவார்கள். அபராதத்துக்குப் பயந்து இதை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏறி வருகிற ஜீப்பில் இருப்பவர்களை நினைத்து விடுங்கள் என்கிறேன்.

ரோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாரைக் கெடுப்பது தேங்கி நிற்கிற தண்ணீர். அது தாருக்கும் ஜல்லிக்கும் உள்ள பிடிப்பை விடுவித்து, கீழே மண்ணை இளக்கிவிட்டால், அடுத்து வரும் லாரிச் சக்கரம் வேலையை முடித்துவிடும். மழைக்குப் பிறகு குழியில் ஜல்லி கொட்டி அமுக்குவதற்குச் செலவாகும் பணத்தில், மழைக்கு முன்னால் மலைப்பக்க ஓடையைத் தூர்வாரி, சிறுபாலங்களின் வாயை அடைத்துக்கிடக்கும் மண்ணையும் பிளாஸ்டிக்கையும் எடுத்தால் பாதிக் குழி பிறக்காது. ஜூன் தொடங்கிவிட்டால் எங்கள் மலையில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. நெடுஞ்சாலைத் துறையும் பஞ்சாயத்தும் எஸ்டேட் நிர்வாகங்களும் மே மாதத்துக்குள் இதை முடிக்க வேண்டும். லயத்துக்கு ஏறும் சோலிங் ரோடுகளுக்கும் அதே கவனம் வேண்டும். அந்தக் கல்லில் ஏறி இறங்குவது கொழுந்துக் கூடை சுமந்து சுமந்து முழங்கால் தேய்ந்தவர்கள்.

பழைய கார் வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மேல் பெயின்டைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி அடியில் நின்று பாருங்கள். ஸ்பிரிங்கின் முனை அறுத்ததா, கம்பெனியில் வந்ததா என்று தொட்டுப் பாருங்கள். அப்புறம் வீட்டார் அத்தனை பேரையும் உள்ளே உட்கார வைத்து, உங்கள் ஊரிலேயே மோசமான ரோட்டில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒருவரையும் இறக்கிவிடாமல் வீடு வந்து சேர்ந்தால் அந்த வண்டியை வாங்குங்கள்.